வீட்டில் பாத்திக் போடுவது எப்படி: துணி வாங்குவது முதல் மெழுகு எடுப்பது வரை

மெழுகு போட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாத்திக் என்றால் அவ்வளவுதான் சங்கதி. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பெருந்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் துணியைக் கெடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். கை சரியில்லாமல் கெடுவது குறைவு. துணியில் கஞ்சி இருந்தது, சாயம் வேறு வகை, ஈரம் காய்வதற்குள் அடுத்த மெழுகு என்று வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அதனால் ஒரே ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்கிறேன். ஒரு மீட்டர் வெள்ளைக் காட்டன், மூன்று நிறம்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. இடையிடையே காயவைக்கும் நேரத்தையும் சேர்த்து நாலைந்து நாள் ஆகும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

1. முதலில் தாளில் வரிசை போடுங்கள்

பாத்திக்கில் நிறத்தைத் தீட்டுவதில்லை, மறைத்து மறைத்துக் காப்பாற்றுகிறோம். எது கடைசி வரை வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதன்மேல்தான் முதல் மெழுகு. அப்புறம் முழுத் துணியையும் மஞ்சளில் போடுவோம். எது மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ அதன்மேல் இரண்டாவது மெழுகு. மீதி எல்லாம் சிவப்பு.

எப்போதும் வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால். சிவப்பின்மேல் மஞ்சளைப் போட்டால் அது சிவப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று, மஞ்சளின்மேல் ஏறும் சிவப்பு தனிச் சிவப்பாக வராது, கொஞ்சம் ஆரஞ்சு கலந்த குங்குமச் சிவப்பாக வரும். மஞ்சளின்மேல் நீலம் போட்டால் பச்சை. பச்சையும் சுத்தமான சிவப்பும் ஒரே துணியில் வேண்டும் என்று முதல் தடவையே ஆசைப்படாதீர்கள், இந்த வரிசையில் அது வராது.

வடிவத்தைத் தாளில் வரைந்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். 1 வெள்ளை, 2 மஞ்சள், 3 சிவப்பு. இந்த எண் போடாமல் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நடுவில் "ஏனுங்கக்கா, இந்த இலைக்கு இப்ப மெழுகு போடணுங்களா, அப்பறமுங்களா?" என்று கேட்பார்கள். அதற்குள் கையில் இருக்கும் மெழுகு சொட்டிவிடும்.

2. துணி

கேம்பிரிக், பாப்ளின், மல் மூன்றில் எதுவும் சரி. முதல் தடவைக்கு கேம்பிரிக் நல்லது. மல் மெல்லிசு என்பதால் மெழுகு சுலபமாக இறங்கும், ஆனால் கோடு பரவிவிடும்.

நம் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லை, அதுவே ஒரு தொல்லை. ஈரோடு ஜவுளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய வெள்ளைத் துணி பாலியஸ்டர் கலந்ததாக இருக்கலாம், முழு ரேயானாகவும் இருக்கலாம். ஓரத்தில் நாலு நூலை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலும் இருந்தால் சரி. உருகிச் சுருண்டு கடினமான மணி மாதிரி நின்றால் பாலியஸ்டர், இந்தச் சாயம் அதில் ஏறாது.

ரேயானும் காட்டன் மாதிரியேதான் எரியும், அதனால் இன்னொரு சோதனை வேண்டும். ஒரு நூலை நனைத்து இழுங்கள். ஈரத்தில் சட்டென்று அறுந்தால் பெரும்பாலும் ரேயான். சாயம் நன்றாகவே ஏறும், ஆனால் கடைசியில் மெழுகு எடுக்கக் கொதிக்கவைத்துக் கிளறும்போது கிழிந்துபோகும் அபாயம் உண்டு.

திருப்பூர் பனியன் துணியும் இப்போதைக்கு வேண்டாம். இழுபடும் துணியில் மெழுகு தானாகவே வெடித்துக்கொண்டே இருக்கும்.

3. கஞ்சி எடுப்பது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறியிலிருந்து வரும் காடா (வெளுக்காத) துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். கடையில் வெள்ளையாக, மொடமொடவென்று இருக்கும் துணியிலும் கஞ்சி இருக்கும். அந்தக் கஞ்சியின்மேல் ஏறும் சாயம் முதல் துவைப்பில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும், மெழுகும் நூலுக்குள் இறங்காது.

முதலில் துணியை எடை போட்டு எழுதிவையுங்கள். சாயக் கணக்கெல்லாம் இந்த உலர்ந்த எடையை வைத்துத்தான், மெழுகு ஏறின பிறகு எடை தெரியாது. நம் கணக்குக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

3 லிட்டர் தண்ணீர், 9 கிராம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்), ஒரு சிட்டிகை சோப்புத் தூள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறுவதைப் பார்த்தாலே எவ்வளவு அழுக்கை உடுத்துகிறோம் என்று புரியும். காடா துணி என்றால் முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தடவை கொதிக்கவிடுங்கள். அப்புறமும் அது கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும், பளிச் வெள்ளை வேண்டுமென்றால் வெளுத்த துணியாக வாங்கிவிடுங்கள்.

அலசிக் காயவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் உள்ளே போனால் துணி தயார். முத்து மாதிரி மேலேயே நின்றால் மறுபடி கொதிக்கவிட வேண்டியதுதான். துணி மென்மையாவதற்கு ஊற்றும் வாசனைத் திரவம் எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள், அதுவும் சாயத்தைத் தடுக்கும்.

4. சாயம், சோடா, தண்ணீர்

சாயக்கடையில் "காட்டன் சாயம் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. திருப்பூர், ஈரோடு பட்டறைகளில் சுடுதண்ணீரில் வேலை செய்யும் எச்.இ. வகை ரியாக்டிவ் சாயம் (நூலோடு வினைபுரிந்து பிணையும் சாயம்) நிறையப் புழங்குகிறது. அதற்கு 80 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூட்டில் நம் மெழுகு உருகி ஓடிவிடும். தேன்மெழுகு உருகுவதே 62 முதல் 64 டிகிரிக்குள்தான், பாரஃபின் அதற்கும் முன்னாலேயே உருகலாம். அதனால் "கோல்ட் பிராண்ட் ரியாக்டிவ், எம் வகை" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம் ஊர் சாதாரணத் தண்ணீரின் சூடே அதற்குப் போதும்.

சோடா ஆஷ் வேறு, ஆப்ப சோடா வேறு. ஒரு தங்கச்சி வீட்டில் இருந்த ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டு, சாயமெல்லாம் அலசலில் போனதும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சாயம் நூலோடு பிணைவதற்குக் காரம் வேண்டும், ஆப்ப சோடாவின் காரம் சாதாரணச் சூட்டில் அதற்குப் பற்றாது.

அடுத்து தண்ணீர். கொங்கு நாட்டில் பாதி ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, அப்படியென்றால் அது சாயத்துக்கு ஆகாது. தண்ணீரில் இருக்கும் சுண்ணமும் மெக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து மாவு மாதிரிப் பிரிந்து துணியில் ஒட்டும், நிறம் மங்கித் திட்டுத் திட்டாக வரும். கோவைக்காரர்களுக்குக் கவலையில்லை, சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. மற்றவர்கள் ஆற்றுக் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ சாயத்துக்கு மட்டுமாவது பிடித்து வையுங்கள். அதுவும் இல்லையென்றால் சாயக்கடையில் சீக்வெஸ்டரிங் பவுடர் (சுண்ணத்தைப் பிடித்து வைக்கும் பொடி) என்று கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் சாயத்துக்கு முன்பே தண்ணீரில் கலந்துவிடுங்கள்.

இவை போக ரப்பர் கையுறை, முகக்கவசம், தராசு, அகலமான பிளாஸ்டிக் டப். முகக்கவசம் எதற்கென்றால் ரியாக்டிவ் சாயப் பொடி மூச்சில் போனால் ஒவ்வாமையும் இழுப்பும் வரலாம். பொடியை அளக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் போகக்கூடாது.

5. சட்டமும் பென்சிலும்

பழைய ஜன்னல் சட்டம், போட்டோ ஃபிரேம் எதுவானாலும் சரி, துணியை மேளத்தோல் மாதிரி இழுத்து ஊசிப்பின் குத்துங்கள். துணி மேசையில் படக்கூடாது. பட்டால் மெழுகு மேசையில் ஒட்டி, தூக்கும்போது பாதி அங்கேயே நின்றுவிடும்.

பென்சிலால் மெல்லிசாக வரையுங்கள். பால்பாயிண்ட் பேனாவும் கார்பன் தாளும் வேண்டவே வேண்டாம், அந்தக் கறை கடைசி வரை போகாது.

6. மெழுகு உருக்குவது

பாரஃபினும் தேன்மெழுகும் பாதிக்குப் பாதி, மொத்தம் அரை கிலோ இருந்தால் ஒரு மீட்டருக்குத் தாராளம். பாரஃபின் மட்டும் போட்டால் உடைந்து உதிரும், தேன்மெழுகு மட்டும் போட்டால் வெடிப்பே (மெழுகு விரிந்த இடத்தில் சாயம் புகுந்து வரும் கோடு) விழாது, காசும் அதிகம். வெடிப்பு நிறைய வேண்டுமென்றால் பாரஃபின் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு.

புதியவர்கள் மெழுகுப் பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகு தீப்பிடிக்கும் அளவுக்கு ஏறாது. கேம்பிரிக்குக்கு இந்தச் சூடு போதும். மெழுகுப் பாத்திரத்துக்குள் மட்டும் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெடித்துத் தெறிக்கும். கனமான துணிக்கு 110, 120 டிகிரி வேண்டியிருக்கும். அதற்கு இண்டக்‌ஷன் அடுப்பும் வெப்பமானியும் இல்லாமல் இறங்காதீர்கள். புகை வந்தால் சூடு எல்லை தாண்டிவிட்டது, உடனே அணைக்க வேண்டும்.

நான் ஒருமுறை ஆடி மாதத்தில் வாசலில் கேஸ் அடுப்பை வைத்து நேரடியாக உருக்கினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தீயைப் பக்கவாட்டில் சாய்த்து, பாத்திரத்தின் வெளிப்பக்கம் வழிந்திருந்த மெழுகில் பிடித்து, அது மேலே ஏறிவிட்டது. நான் தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் ஊற்றியிருந்தால் அது மெழுகுக்கு அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகை முகத்தில் அள்ளி வீசியிருக்கும். அன்றிலிருந்து பாத்திரத்தை மூடும் அளவுக்கு ஒரு தட்டு பக்கத்திலேயே இருக்கும்.

7. மெழுகு போடுவது

கோட்டுக்குச் சாண்டிங் பேனா: சின்னச் செம்புக் கிண்ணமும் அதில் ஒரு மூக்கும் இருக்கும். நிரப்புவதற்கு பன்றிமுடி பிரஷ். நைலான் பிரஷ் சூட்டில் சுருண்டுவிடும். வட்டத்துக்குப் பித்தளை டபரா விளிம்பு, புள்ளிக் கூட்டத்துக்கு முறுக்கு அச்சுத் தட்டு. உலோகம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதால் மெழுகில் இரண்டு நிமிடம் கிடத்தி எடுத்து, உதறி அழுத்தினால் அச்சு சுத்தமாக விழும்.

மெழுகு பட்ட இடம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரிக் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். வெள்ளையாக, மேலே தடவின மாதிரி நின்றால் மெழுகு ஆறிவிட்டது என்று அர்த்தம். அது சாயத்துக்குள் போனதும் உரிந்துவிடும். துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தெரியாத இடத்துக்குப் பின்னாலிருந்தும் ஒரு தடவை போடுங்கள்.

கோலம் போட்டுப் பழகின கைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. சிக்குக் கோலத்தில் கை நடுவில் நிற்பதில்லையே, அதே ஓட்டம்தான் வேண்டும். யோசிக்க நின்ற இடத்தில் மெழுகு குளம் கட்டும். பேனாவைத் தூக்கும்போதெல்லாம் மூக்குக்கு அடியில் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டே நகர்த்துங்கள்.

சொட்டிவிட்டதா? சுரண்டாதீர்கள், சுரண்டினால் மேலே இருப்பதுதான் போகும், நூலுக்குள் போனது போகாது. பக்கத்தில் இன்னும் நாலு சொட்டு வைத்து அதையே ஒரு புள்ளிக் கூட்டமாக்கிவிடுங்கள். என் வீட்டுத் திரைச்சீலையில் பூக்களைச் சுற்றி மகரந்தம் மாதிரிப் புள்ளிகள் இருக்கின்றன, எல்லோரும் அழகு என்கிறார்கள்.

8. மஞ்சள்

மெழுகு போட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் நனையுங்கள், நனைந்த துணியில்தான் சாயம் சமமாக ஏறும். வாளி வேண்டாம், வாளியில் துணியை மடிக்க வேண்டி வரும், மடித்த இடத்திலெல்லாம் மெழுகு ஒடியும்.

3 லிட்டர் தண்ணீர், 150 கிராம் தூள் உப்பு, 2 கிராம் மஞ்சள் சாயம். சாயத்தை முதலில் சில சொட்டுத் தண்ணீரில் களி மாதிரிக் குழைத்து அப்புறம் கரையுங்கள், நேரே கொட்டினால் கட்டி நின்று துணியில் புள்ளி விழும். உப்பு எதற்கென்றால் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் தள்ளுவதற்கு. இருபது நிமிடம் திருப்பிப் போட்டுக்கொண்டே இருங்கள்.

பிறகு துணியை வெளியே எடுத்துவிட்டு, தனியே கரைத்து ஆறவைத்த 30 கிராம் சோடா ஆஷை டப்பில் ஊற்றிக் கலக்கி, துணியை மறுபடி போடுங்கள். துணி உள்ளே இருக்கும்போதே ஊற்றினால் ஊற்றின இடம் திட்டாகும். இனி ஒரு மணி நேரம். சோடா கலந்த சாயம் சில மணி நேரத்தில் தண்ணீரோடேயே வினைபுரிந்து செத்துப்போகும், எனவே இரவே கலக்கிவைத்துக் காலையில் போடலாம் என்ற கணக்கு உதவாது.

எடுத்து வடியவிட்டு, ஈரத்தோடு பாலிதீனில் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம் காய்ந்தால் ஒரு படி இறங்கும், பயப்பட வேண்டாம்.

நிழல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சித்திரை மாதம் அவசரத்தில் மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு மதியம் போய்ப் பார்த்தேன். மெழுகு இளகிக் கோடுகள் எல்லாம் தடித்து, மயிலின் கழுத்து வாத்துக் கழுத்தாகிவிட்டது.

9. இரண்டாவது மெழுகும் சிவப்பும்

துணி எலும்பு மாதிரிக் காய்ந்த பிறகுதான் அடுத்த மெழுகு. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மெழுகுக்கு அடியில் ஈரம் நிற்கும். இன்னும் அரை நாள் விடுங்கள். ஈர நூலுக்குள் மெழுகு போகாது. அலசாமல் விட்ட உப்பும் சோடாவும் பொடியாகக் காய்ந்திருந்தாலும் இதே கதிதான்.

தாளில் 2 போட்ட இடமெல்லாம் இப்போது மெழுகு. அப்படியே முதல் மெழுகில் உரிந்த இடங்களையும் தொட்டுவிடுங்கள்.

சிவப்புக்கு முறை அதேதான், சாயம் மட்டும் 4 கிராம். ஆனால் டப்பில் போடும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: வெடிப்பு வேண்டுமா, வேண்டாமா.

10. வெடிப்பு

பாத்திக்கில் சிலந்தி வலை மாதிரி ஓடும் அந்தக் கோடுகள், மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து வருபவை. சிவப்புக்கு முன்னால் துணியை ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு கையாலும் மெதுவாகக் கசக்குங்கள். காதில் நொறுங்குகிற சத்தம் கேட்கும். மார்கழி, தை மாதங்களில் ஐஸ் கூட வேண்டாம், விடியற்காலைத் தண்ணீரே போதும். சித்திரையில் ஐஸ் இல்லாமல் முயன்றால் மெழுகு வளையுமே தவிர வெடிக்காது.

முகம், எழுத்து மாதிரி நுணுக்கமான இடங்களைக் கசக்காதீர்கள். என் கருத்தில் வெடிப்பு ஊறுகாய் மாதிரி, கொஞ்சம் இருந்தால் ருசி. துணி முழுக்கக் கசக்கினால் என்ன வரைந்தோம் என்றே தெரியாது.

11. மெழுகு எடுப்பது

சிவப்பில் போட்டு எடுத்த பிறகு மறுபடி பாலிதீனில் முழுதாக 24 மணி நேரம். அதற்கு முன் கொதிக்கவைத்தால் பிணையாத சிவப்பு கிளம்பி, நாம் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றின வெள்ளையில் போய் உட்காரும். ஆளுக்கு ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்கிறார்கள், ஆர்வம் தாங்காது. முதலில் பச்சைத் தண்ணீரில் சாயம் போவது நிற்கும் வரை அலசுங்கள்.

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு சோப்புத் தூளும் லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் போட்டு, துணியை ஐந்து நிமிடம் குச்சியால் கிளறுங்கள். மெழுகு மேலே மிதக்கும். துணியைத் தூக்கி உடனே பச்சைத் தண்ணீர் டப்பில் போட்டுக் கசக்கினால் ஒட்டியிருக்கும் மெழுகு துகளாக உதிரும். ஒரு தடவையில் போகாது, மூன்று தடவையாவது புதுத் தண்ணீர் வேண்டும்.

சிலர் காகிதம் வைத்து இஸ்திரி போட்டே எடுத்துவிடலாம் என்பார்கள். மேல்மெழுகு போகும், ஆனால் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு நிழல் நின்றுவிடும், அச்சடித்த செய்தித்தாள் என்றால் மையும் ஒட்டும். சுவரில் மாட்டும் துணிக்கு வேண்டுமானால் வெள்ளைத் தாள் வைத்துச் செய்யுங்கள். உடுத்தும் துணிக்குக் கொதிநீர்தான்.

12. மிஞ்சியதை என்ன செய்வது

கொதித்த தண்ணீரைச் சூட்டோடு சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஆறவிட்டால் பாலாடை மாதிரி மேலே உறையும், அதை அப்படியே எடுத்து நன்றாகக் காயவையுங்கள். அடுத்த முறை உருக்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் பட்பட்டென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இது ஆகாது, பெரிய இடங்களை நிரப்ப ஆகும்.

சாயத் தண்ணீரில் 3 லிட்டருக்கு 150 கிராம் உப்பு இருக்கிறது. தென்னை மரத்தடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நொய்யல் ஆறு இப்படித்தான் கெட்டது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இதனால்தான். நம் வீட்டு டப் எம்மாத்திரம் என்று தோன்றும், ஆனால் மாதம் நாலு துணி போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு மண்ணுக்குள் போகும். நான் அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி மாடியில், குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறேன். வெயில் காலத்தில் சில நாளில் வற்றி, அடியில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் உப்புப் பொரி மட்டும் நிற்கும், அதைச் சுரண்டிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவேன்.